அடுப்பு நின்ற இடம்

புருல்கானுக்கு விடியும்போதே வலது தோள்பட்டை செத்திருந்தது. கையை உயர்த்தித் தலையில் துணி கட்ட முடியவில்லை. பின்கழுத்தில் தொடங்கி முழங்கைவரை, உள்ளே நூலை விட்டு யாரோ இழுத்துச் சுருக்கின மாதிரி ஒரு வலி. இடது கையால் எப்படியோ ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு தையல் பட்டறையின் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஐந்து மெஷின்கள். நான்கில் உட்கார ஆளில்லை.

சன்னலோர மெஷினில் தைக்கிற அனார்கானின் அண்ணன் குழந்தைக்கு கொச்கோரில் தொட்டில் விருந்து. அனார்கான் போனால் அவள் தங்கை போக வேண்டும். தங்கை போனால் ஓரகத்தி போக வேண்டும். நேற்று மூன்று பேரும் போன வேனில் ஒரு இடம் மிச்சம் இருந்ததால் நாலாவது பெண்ணும் ஏறிவிட்டாள். போகாதே என்று சொல்ல புருல்கானுக்கு வாயில்லை. அவள் மகன் எமிலைத் தொட்டிலில் போட்டபோது வந்திருந்து தின்றவர்கள்தான் எல்லோரும். போதாததற்கு, குழந்தைக்குச் சட்டைத் துணியும், தன் கையால் பொரித்த ஒரு கூடை போர்சோக் மாவுப் பலகாரமும் கொடுத்தனுப்பினாள். தன் தலையில் மண்ணை வாரிப் போடுகிறவர்களுக்குச் சிரித்த முகமாகக் கட்டுச்சோறும் கட்டிக் கொடுப்பது எங்கள் தொக்மோக்கில் சகஜம்.

இன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துப் பினஃபோர் அத்தனையும் சாயங்காலத்துக்குள் டொர்தோய் சந்தையில் ரக்கியாவின் கடையில் இறங்கியாக வேண்டும். இருட்டுவதற்கு முன்பு அவள் லாரி எல்லை தாண்டக் கிளம்பிவிடும். சரக்கு நேரத்துக்குப் போனால் குளிர்கால ஆர்டரும் இந்தப் பட்டறைக்கே. போகாவிட்டால் எமில் நாளைக் காலை மாஸ்கோ பஸ்ஸில் ஏறிவிடுவான். டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான்.

"வேலை இருந்தா இருக்கேன்மா. இல்லாத வேலைக்கு மூணு பேரு சேர்ந்து முதலாளியா இருக்க முடியாது" என்று போன வாரமே சொல்லிவிட்டான்.

அவர்கள் தெருவிலிருந்து அப்படிப் போன பையன்கள் போனில் மட்டும்தான் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம். நாத்தனார் சபீரா. தொழிற்பயிற்சிப் பள்ளியில் தையல் பிரிவு அவள் பொறுப்பு. கழுத்தில் பச்சைப் பட்டுத் துண்டு மினுங்கியது. அது புருல்கானுடையது. போன வாரம்வரை.

போன வாரம் சபீரா தெருமுனையிலிருந்தே "சுயுன்சு! சுயுன்சு!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். நல்ல சேதி கொண்டு வருகிறவள் அப்படிக் கூவினால், சேதியைக் கேட்பதற்கு முன்பே எதையாவது கொடுத்துவிட வேண்டும். குளிர்கால ஆர்டர்தான் வந்துவிட்டது என்று நினைத்துப் புருல்கான் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். சேதி என்னவென்றால், சபீராவின் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகள் இந்தப் பட்டறைக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். கொடுத்த துண்டைத் திருப்பிக் கேட்க முடியாது. பிள்ளைகளையும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

"என்ன அண்ணி, முகம் இப்படித் திரிஞ்சு போயிருக்கு?"

"திரியாம? நாலு மெஷின் காலி. உன் பிள்ளைங்களுக்கு நான் தாலாட்டுப் பாடணுமா, தைக்கணுமா?"

"வருஷம் பூரா ஆள் கிடைக்கலைன்னு அழறது யாரு? நீங்கதான். வசந்தத்துல ஒருத்தியை எடுத்தீங்க, மூணே நாள்ல கத்திரிக்கோலோட ஓடிட்டா. இதுங்க மூணு மாசம் உங்க கண்ணு முன்னாடியே இருக்கும். தேறுமா தேறாதான்னு நிதானமாப் பார்க்கலாம். சம்பளமும் கிடையாது."

"சம்பளம் கிடையாது, சரி. நீ அனுப்பின அந்தப் பெக்போல் திங்கற போர்சோக்குக்கு உங்க பள்ளிக்கூடமா பதில் சொல்லும்?"

"வளர்ற பையன் அண்ணி."

"வளரட்டும். எங்க மாவுப் பையில வளரணுமா?"

சபீரா அசரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் அடைக்கிற கிழவர் போன வருஷம் இரண்டு பையன்களை எடுத்தாராம். இப்போது பையன்கள் வேலை பார்க்கிறார்களாம், கிழவர் பகலில் குறட்டை விடுகிறாராம்.

"அதான் லாபமா? குறட்டையா?" என்று கேட்டுவிட்டுப் புருல்கான் தேநீரை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றினாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவது. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். சபீராவுக்குப் புரிந்தது. புரியாதவள் மாதிரி உறிஞ்சிக் குடித்து, "சர்க்கரை கம்மி அண்ணி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் போன கையோடு பிள்ளைகள் வந்தார்கள். பெக்போல், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வந்ததும் தட்டைத்தான் பார்ப்பான். அய்பீகே என்ற பெண் ஒடிசல், ஆனால் வாயில் எந்நேரமும் ஒரு 'ஏன்' இருக்கும்.

"எஜே, ஜிப்பை ஏன் பாவாடைப் பகுதியை மடிச்ச பிறகு வைக்கிறோம்? முன்னாடியே வெச்சா?"

பட்டறையில் எல்லோருக்கும் புருல்கான் எஜேதான், அக்கா. "வெச்சா கையில வராது."

"எஜே, அயர்ன் மேசை ஏன் கதவுக்குப் பக்கத்துல இருக்கு? மெஷின்லேர்ந்து இவ்வளவு தூரம் தூக்கிட்டு வரணுமே?"

"அங்கதான் இருக்கு."

"அதான் எஜே, ஏன்?"

"பொண்ணே, உனக்குப் பதில் சொல்றதுக்குன்னு நான் ஒரு ஆளை வேலைக்கு வெக்கணும். போய் பிசிறு வெட்டு."

அய்பீகே தோளிலிருந்த பையை இறக்கி, அறைக்கு நடுவில் காலியாகக் கிடந்த தரையில் வைத்தாள்.

"அங்க வெக்காதே!"

மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். புருல்கான், எமில், துணி வெட்டும் மேசையிலிருந்த அவள் கணவர் கெஞ்சேபெக். பெண் பயந்துபோய்ப் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தரையில் வட்டமாக ஒரு கறுப்புத் தழும்பு. அவ்வளவுதான் அங்கே இருந்தது.

புருல்கானுக்கு அதற்கு மேல் நிற்க நேரமில்லை. ரக்கியாவின் காலில் விழுந்தாவது ஒரு நாள் தவணை வாங்க வேண்டும். போனில் கேட்டால் பாதியிலேயே வைத்துவிடுவாள். நேரில் போனால்தான் நடக்கும். "நீங்க ஜிப் வெச்சது வரைக்கும் எடுத்து வெச்சிருங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு எமிலுடன் வேனில் ஏறினாள்.

பஸ் நிலையத்தைத் தாண்டும்போது இருவரும் எதிரெதிர் சன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரக்கியா, இரும்புக் கன்டெய்னரில் வைத்திருந்த கடையின் வாசலில் முக்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தொலி அவள் உதட்டில் வரிசையாக ஒட்டியிருந்தது.

"நாளைக்கா? நாளைக்கு உன் பினஃபோரை யாருக்குப் போட்டு விடறது? என் லாரிக்கா?"

"பொண்ணுங்க தோய் விருந்துக்குப் போயிட்டாங்க ரக்கியா. நான் என்ன செய்ய?"

"எனக்கும்தான் தோய். இந்த மாசம் நாலு. நான் லாரியை நிறுத்தினேனா?" தொலியைத் துப்பினாள். "இருட்டறதுக்கு முன்னாடி வந்தா எடுத்துக்கறேன், குளிர்காலத்துக்கும் உனக்கே தரேன். வரலைன்னா எதிர்வரிசைக்காரி இருக்கா, ரெண்டு தடவை வந்து சிரிச்சிட்டுப் போயிட்டா."

திரும்பும்போது எமில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "அப்போ முடிஞ்சது."

"என்ன முடிஞ்சது?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பட்டறைக் கதவைத் திறந்தபோது, வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று புருல்கானுக்குத் தோன்றியது.

மேசைகள் இடம் மாறியிருந்தன. எதுவும் எங்கே இருந்ததோ அங்கே இல்லை. வெட்டும் மேசையை ஒட்டி ஓரம் அடிக்கிற ஓவர்லாக், அதை ஒட்டித் தையல் மெஷின்கள் வரிசையாக, கடைசியில் அயர்ன் மேசை. வரிசை நேராக அந்தக் கறுப்புத் தழும்பின் மேலேயே போனது. அனார்கானின் மெஷின் மட்டும்தான் சன்னலோரத்தில் அதன் பழைய இடத்தில் இருந்தது. மெஷின் வரிசை அங்கே போய் முடிந்திருந்தது. அந்த மெஷினில் அய்பீகே உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

மெஷின் சத்தம் நின்றது. பெக்போலின் வாயில் பாதி போர்சோக். கெஞ்சேபெக் கத்திரியைக் கீழே வைத்தார்.

"என்னைத்தான் கேட்டாங்க."

"உங்களையா? உங்க அம்மா போட்ட மேசைங்க! அவங்க போய்ச் சேர்ந்து நாலு வருஷத்துல நான் ஒரு முக்காலியை நகர்த்தியிருப்பேனா?"

"அதில்ல. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இங்க ஏன் யாருமே நடக்க மாட்டேங்கறீங்க, சுத்திச் சுத்திப் போறீங்கன்னு. அங்க அடுப்பு இருக்கும்மான்னு சொன்னேன். எங்கேன்னு கேட்டுச்சு."

அவர் தரையைப் பார்த்தார். புருல்கானும் பார்த்தாள்.

மாமியார் காலத்தில் அங்கே ஒரு நிலக்கரி அடுப்பு நின்றது. துணியில் பொறி பட்டுவிடக் கூடாது என்று மெஷின்களைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்புறம் மின்சாரச் சூடேற்றி வந்தது, அடுப்பைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான். அடுப்புத்தான் போயிருந்தது. பட்டறையில் எல்லோரும் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு இல்லாத அடுப்பைச் சுற்றி நடந்துகொண்டேதான் இருந்தார்கள். புருல்கானும்தான். அவள் தோள்பட்டையும்தான்.

இதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"எல்லாத்தையும் பழையபடி போடுங்க!"

"போட்டா பொழுது போயிடும்மா" என்றான் எமில். "சும்மா உட்காருங்க. திட்டறதை உட்கார்ந்துக்கிட்டே திட்டுங்க."

உட்கார்ந்தாள். திட்டினாள். சபீராவை, சபீராவின் பள்ளிக்கூடத்தை, தொட்டிலில் கிடக்கிற அந்தப் பச்சைக் குழந்தையை. கையில் இருந்த பினஃபோரை முடித்து, அடுத்ததற்கு எழுந்திருக்கத் தொடையில் கையை ஊன்றினாள். எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்தது இடது கைக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. முடித்ததை வலது பக்கம் தள்ளினால் அது அய்பீகேயின் மடிக்குப் போயிற்று. எழுந்தாள், உட்கார்ந்தாள் என்ற பேச்சே இல்லை.

திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதைக் கவனித்து எமில் சிரித்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. அயர்ன் மேசையில் பெக்போல் ஒரு கட்டு முழுக்க மடிப்புகளை எதிர்ப்பக்கமாகத் தேய்த்துவைத்திருந்தான். அத்தனையும் இடதுபக்கம் பார்த்து நின்றன.

"கண்ணு எங்கேடா இருந்துச்சு?"

"மாதிரியை உள்பக்கம் தெரியத் தொங்கவிட்டுப் பார்த்துத் தேய்ச்சேன் எஜே."

"உள்பக்கத்தைப் பார்த்தா வலது இடதாத்தானே தெரியும், ஆடு மேய்க்கிறவனே!"

"எங்க வீட்டுல ஆடு இல்ல எஜே."

கெஞ்சேபெக் முகத்தைத் துணிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஈரத் துணி போட்டு மறுபடி ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சரிசெய்ததில் தோள்பட்டை திரும்பவும் போய்விட்டது. சம்பளமில்லாத கை என்றாளே சபீரா! சம்பளம் இல்லைதான். சேதாரம் இருக்கிறதே!

வெயில் சாய்கிற நேரம் கட்டுகள் வேனில் ஏறின. கடைசிக் கட்டில் பட்டன் வைக்கப் பாக்கி. அய்பீகே ஊசி, நூல், பட்டன் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

"ஓடற வண்டியிலயா தைப்ப?"

"குலுங்காத இடத்துல தைக்கிறேன் எஜே."

"அந்த ரோட்டுல குலுங்காத இடம் எங்கே இருக்கு?" என்று எமில் வண்டியைக் கிளப்பினான்.

அதற்குப் பிறகு புருல்கானுக்கு ஒரு வேலையும் இல்லை. அதுதான் கொடுமை. பெக்போலைத் தரை கூட்டச் சொன்னாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டச் சொன்னாள். எமிலுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. அய்பீகேயின் போன் அவள் பையோடு இங்கேயே சுவர் ஆணியில் தொங்கி அடித்தது. கெஞ்சேபெக் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவள் வாசலில் நின்றாள். எமிலின் பெட்டி உள்ளறையில் கட்டி முடித்து நின்றிருந்தது. காலையிலிருந்து அதைத் தாண்டித்தான் எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள், அதுவும் ஒரு அடுப்பு மாதிரி.

சபீரா வேறு வந்து சேர்ந்தாள். வாயைத் திறக்கப் போனாள். புருல்கானின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

தெருமுனையில் வேனின் விளக்கு தெரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் தள்ளிக்கொண்டு அய்பீகே குதித்தாள். விழுந்து எழுந்து ஓடிவந்தாள்.

"சுயுன்சு! எஜே, சுயுன்சு!"

போன வாரம் பட்டதெல்லாம் புருல்கானுக்கு அந்த நொடியில் மறந்துபோயிற்று. கிண்ணத்தைக் கணவர் கையில் திணித்துவிட்டு, "எது வேணும்னாலும் கேளு, தரேன்! சொல்லித் தொலை!" என்றாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எடுத்துக்கிட்டாங்க எஜே! எல்லாத்தையும்! லாரி இஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது, நான் கடைசிப் பட்டனை அவங்க முன்னாடியே வெச்சேன். குளிர்கால ஆர்டரும் நமக்குத்தான்!"

எமில் நிதானமாக இறங்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்தான். "காலையில போய்த் திருப்பிக் குடுத்துட்டு வரேன். பாதியாவது தருவான்."

புருல்கான் மகனின் தலையை இழுத்து நெற்றியை முகர்ந்தாள். வலித்த கையால்தான் இழுத்தாள்.

"இப்போ சொல்லுங்க அண்ணி" என்றாள் சபீரா. "லாபமா, நஷ்டமா?"

"நீ சும்மா இரு." புருல்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அய்பீகேயின் பக்கம் திரும்பினாள். பெட்டியில் இருக்கிற வெள்ளிக் காதணியைக் கேட்பாள் என்று நினைத்தாள். கேட்கட்டும், கொடுத்துவிடலாம். "என்ன வேணும், சொல்லு பொண்ணே."

அய்பீகே கையிலிருந்த பட்டன் டப்பாவை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"சன்னலோர மெஷின், எஜே."

கெஞ்சேபெக் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பயிற்சி முடிஞ்சதும் வீட்டுல கல்யாணம் பேசறதா இருக்காங்க. நிரந்தர வேலை இருக்குன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடறேன்னு அம்மா சொன்னாங்க. உட்கார்ற இடம் என்னோடதா இருக்கணும். இன்னிக்கு மாதிரி, யாராவது இல்லாத நாள்ல மட்டும் இல்ல."

"அது அனார்கானோடதும்மா" என்றார் கெஞ்சேபெக்.

"தெரியும் பைகே." பட்டறையில் அவர் எல்லோருக்கும் பைகே, அண்ணன்.

"வேற எதாவது கேளேன். காதணி இருக்கு, நல்ல வெள்ளி" என்றாள் புருல்கான். தன் குரல் தனக்கே சந்தையில் பேரம் பேசுகிறவளின் குரலாகக் கேட்டது.

பெண் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

இன்னொரு மெஷின் வாங்க இந்த வருஷம் வழியில்லை. இருக்கிற ஐந்துக்கும் ஆள் இருக்கிறது. அதைத்தான் புருல்கான் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கெஞ்சேபெக், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கணக்குப் போடுகிற மனுஷனாக, "ஆனா பாரு, இன்னிக்கு அவங்க நாலு பேரும் இல்லாமலே முடிச்சிட்டோம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. சபீரா கழுத்திலிருந்த பச்சைத் துண்டின் முனையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஒருத்தி உட்கார இன்னொருத்தி எழுந்திருக்க வேண்டிய இந்த லாபத்தைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலும்.

புருல்கானின் போன் அடித்தது. அனார்கான். பின்னால் பாட்டும் தட்டுகளின் சத்தமும்.

"எஜே! காலையிலேயே கிளம்பிடறோம். உங்க பங்கு கறியைத் தனியாக் கட்டி வெச்சிருக்கேன், நல்ல கொழுப்புத் துண்டாப் பார்த்து. சரக்கு என்னாச்சு? ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல எஜே, என் மெஷினை யாராவது தொட்டா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும், சொல்ல மறந்துட்டேன்…"

"சரக்குப் போயிடுச்சு" என்றாள் புருல்கான். "நீ வா. பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அய்பீகே ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. கூவியாயிற்று, கேட்கச் சொன்னார்கள், கேட்டாயிற்று.

"நாளைக்கு வரேன் எஜே."

"நாளைக்கு சனிக்கிழமை. பயிற்சி கிடையாதே?"

"தெரியும். வரேன்."

பெக்போல் தட்டில் மிச்சமிருந்த போர்சோக்கை அள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். இரண்டு பேரும் நடு அறையில் அந்தக் கறுப்புத் தழும்பை மிதித்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார்கள்.

புருல்கான் தோளைப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் போனாள். மெஷினின் மேல் அனார்கானின் ஊசித் திண்டு இருந்தது. அதில் அய்பீகே இன்று குத்திவைத்த ஊசி இன்னும் நூலோடு நின்றது. மகன் இருக்கிறான். ஆர்டர் இருக்கிறது. தெருவே கேட்க அவள் வாயால் சொன்ன சொல்லும் இருக்கிறது. சம்பளம் வாங்காத அந்தப் பெண்ணுக்கு அவள் ஒரு மெஷின் கடன்பட்டிருக்கிறாள், அனார்கான் உட்காருகிற இந்த மெஷின்.